மெதுவாக ஆறுகிற கண்

போமியின் விரல்களுக்கு நடுவில் பூண்டு வழுக்கிக்கொண்டிருந்தது. கத்தி முனையால் அடியைக் கிள்ளுவாள், தோலை ஒரே இழுப்பாக இழுப்பாள், வெள்ளைப் பல்லைக் கிண்ணத்தில் போடுவாள். அம்மா வீட்டிலிருந்து ஒரு சாக்குப் பூண்டு வந்து இறங்கியிருந்தது. கிம்ஜாங் வருகிறதே! குளிர்காலம் முழுக்கத் தின்னத் தேவையான கோஸ் ஊறுகாயை, அதாவது கிம்ச்சியை, சொந்தபந்தம் எல்லாம் கூடி ஒரே மூச்சில் போட்டு முடிக்கிற நாள். எப்போதும் கிஜாங்கில் அம்மா வீட்டு முற்றத்தில்தான் நடக்கும். பூண்டு மட்டும் மகள் வீட்டில் உரிந்து போக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் மன்சிக் அடுக்களை வாசலில் வந்து நின்று இடுப்பில் கை வைத்தான்.

"போமி, நான் ஒரு முடிவு எடுத்துட்டேன்."

"காலை எடுங்க முதல்ல. பூண்டுத் தோல் எல்லாம் ஒட்டுது."

"லேசர் ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். இந்தக் கண்ணாடிக்கு இனிமே என் மூக்குல இடம் கிடையாது."

போமியின் கை அப்படியே நின்றது. அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அவள் கண்ணாடி சோஜு சாராய பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருக்கும். மன்சிக் கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் படிக்க மாட்டான். போமி கண்ணாடி இல்லாமல் பஸ்ஸையே பார்க்க மாட்டாள்.

துரி வயிற்றில் இருக்கும்போதே அவளும் இதைக் கேட்டிருக்கிறாள். குழந்தை பிறக்கட்டும் என்றான். பிறந்தது. பால் மறக்கட்டும் என்றான். மறந்தும் ஒரு வருஷமாகிறது. போன மாதம் பொதுக் குளியல் கூடத்தில் ஆவியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை துவட்டி, துண்டு சுற்றி வெளியே தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் ஒரு பெண் ஓடி வந்து, "அக்கா, அது என் பிள்ளை!" என்று பிடுங்கிக்கொண்டாள். துரி உள்ளே வெந்நீர்த் தொட்டி ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் தொட்டிக்குள்ளேதான். அன்றிலிருந்து போமிக்கு வேறு ஆசையே இல்லை. தன் பிள்ளையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மன்சிக்கின் வருஷக் கடைசி போனஸ் வந்தால் ஒரு ஜோடிக் கண்ணுக்குத்தான் போதும். அந்த ஒரு ஜோடி தன்னுடையதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"உங்களுக்கா?" என்றாள்.

"எனக்குத்தான். வீட்டுத் தலைவன் கண்ணு முதல்ல தெளியணும். அப்பத்தானே குடும்பத்துக்கு வழி காட்ட முடியும்?" என்று சொல்லிவிட்டு அவள் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். கிண்ணத்திலிருந்து ஒரு பல்லை எடுத்தான். "எல்லாத்தையும் அலசிப் பார்த்துட்டேன். மூணு முறை இருக்கு. ஒண்ணு, மூடி முறை. கருவிழி மேல சின்னதா ஒரு மூடி மாதிரி அறுத்துத் தூக்கி, உள்ள லேசர் அடிச்சு, மறுபடி மூடிடுவாங்க. மறுநாளே ஆபீஸ் போகலாம்."

"நல்லா இருக்கே."

"என்ன நல்லா இருக்கு? நாளைக்கு யாராவது கண்ணுல குத்தினா மூடி நகர்ந்துடாதா? ரெண்டாவது, துளை முறை. உள்ளுக்குள்ளயே லேசரால ஒரு மெல்லிசு வில்லை வெட்டி, ஓரத்துல ஊசி போற மாதிரி ஒரு துளை போட்டு, அது வழியா உருவிடுவாங்க. அதுவும் மறுநாளே சரியாயிடும்."

"அப்ப அதையே பண்ணிக்கலாமே?"

"அவசரக்காரங்களுக்குத்தான் அதெல்லாம்." மன்சிக் பூண்டுப் பல்லைத் தூக்கிப் பிடித்தான். "மூணாவது பாரு, தோல் முறை. மூடியும் கிடையாது, துளையும் கிடையாது. சாராயம் மாதிரி ஒண்ணை ஊத்தி, மேல் தோலை ஊற வச்சு வழிச்சிட்டு, லேசர் அடிச்சு, மேல ஒரு லென்ஸை வச்சு விட்டுடுவாங்க. தோல் தானா வளரணும். வலிக்கும். மங்கலாத் தெரியும். ஒரு வாரம் இருட்டுல படுத்தே கிடக்கணும். குனியக் கூடாது, சுமை தூக்கக் கூடாது, முகம் கழுவக் கூடாது. ஆனா ஆறினா இரும்பு! பொறுமை இருந்தாத்தான் நல்ல கண்ணு கிடைக்கும், போமி."

"எப்ப பண்ணிக்கப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை. ஒரு வாரம் லீவு கூட எழுதிக் கொடுத்துட்டேன்."

போமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். வெள்ளிக்கு மறுநாள் சனி. சனிக்கிழமை கட்டத்துக்குள் அவளே சிவப்பு மையில் ஒரு கோஸ் வரைந்து வைத்திருந்தாள்.

ஊரில் எல்லாரும் எது சீக்கிரம் ஆறும் என்று பார்த்து ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பார்கள். எது மெதுவாக ஆறும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் பூசான் நகரத்திலேயே மன்சிக் ஒருத்தனாகத்தான் இருப்பான். அதற்குக் காரணமும் இருந்தது. போன வருஷ கிம்ஜாங்கில் ஊறின கோஸ் மூட்டைகளைக் கிணற்றடியிலிருந்து முற்றத்துக்கு அவன்தான் சுமந்தான். "மாப்பிள்ளைக்குத் தோளு எதுக்கு இருக்கு?" என்று மாமியார் கேட்டுக் கேட்டு ஏற்றினாள். புது வருஷம் பிறக்கிற வரைக்கும் அவன் கேள்விக்குறி மாதிரிதான் நடந்தான்.

"சரிங்க," என்றாள் போமி. "உங்க கண்ணு, உங்க இஷ்டம்." பூண்டை மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

இவ்வளவு லேசாக முடியும் என்று மன்சிக் நினைக்கவே இல்லை. அறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் ஒரு குத்து விட்டுச் சந்தோஷப்பட்டான்.

சோமியோன் தெருவில் கண் மருத்துவமனைகளுக்குக் குறைவே இல்லை. ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒன்று. கல்லூரி நுழைவுப் பரீட்சை முடிந்த வாரம் என்பதால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சை முடித்த பிள்ளைக்குக் கண் வாங்கிக் கொடுப்பதுதான் இப்போதெல்லாம் வழக்கம். இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் வசந்த காலத்தில்தான் இடம் என்று முன்பதிவிலேயே சொல்லியிருந்தார்கள்.

கண் பாப்பாவைப் பெரிதாக்க மருந்து விட்டால் சரியாகப் பார்க்க முடியாது, துணை வேண்டும் என்று போமியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். ஆலோசகர் அம்மா சிரித்த முகமாக, "கூட வந்தவங்களுக்கும் இன்னைக்குப் பரிசோதனை இலவசம். நீங்களும் பார்த்துக்குறீங்களா?" என்றாள்.

"சும்மாதானே, பார்த்துக்கட்டும்," என்றான் மன்சிக் தாராளமாக.

இரண்டு பேரையும் இயந்திரம் இயந்திரமாக உட்கார வைத்தார்கள். தாடையை வை, நெற்றியை ஒட்டு, பச்சை வெளிச்சத்தைப் பார். கடைசியில் டாக்டர் கூப்பிட்டார். இளவயசுக்காரர். அவரே கண்ணாடிதான் போட்டிருந்தார்.

"ரெண்டு பேருக்குமே கருவிழி நல்ல தடிமனா இருக்கு. எந்த முறையும் பண்ணலாம். உங்களுக்குத் துளை முறை போதும் சார். மறுநாளே வேலைக்குப் போயிடலாம்."

"எனக்குத் தோல் முறைதான் வேணும் டாக்டர்."

"அது எதுக்கு? தேவையில்லாம வலியை விலை கொடுத்து வாங்குவானேன்? அடிதடி விளையாட்டு, போலீஸ், ராணுவம்னு இருக்கிறவங்களுக்குத்தான் அதை முக்கியமா சொல்லுவோம்."

"நானும் விளையாட்டு வீரன்தான்," என்றான் மன்சிக்.

டாக்டர் அவன் வயிற்றைப் பார்த்தார். "என்ன விளையாட்டு?"

"மணல் மல்யுத்தம்."

"எந்த எடைப் பிரிவு?"

மன்சிக் வயிற்றை எக்கிக்கொண்டான். பக்கத்தில் போமி தலை குனிந்தபடியே, "எல்லாப் பிரிவும் டாக்டர். வருஷத்துக்கு ஒரு பிரிவு ஏறிட்டே போறாரு," என்றாள்.

டாக்டர் இருமினார். பிறகு போமி பக்கம் திரும்பினார். "உங்க கண்ணுக்குத்தான் அம்மா உண்மையிலேயே அவசியம். வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா? கண்ணுல கை விடுற வயசா? அப்ப மூடி முறை வேண்டாம். துளை முறை நல்லா பொருந்தும்."

"அடுத்த வருஷம் பார்க்கலாம் டாக்டர்," என்றான் மன்சிக், அவளுக்கும் சேர்த்து.

போமி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டாள் என்று சொல்ல, அவள் ஊரில் முந்தானை ஏது? ஸ்வெட்டர் கையால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம். மன்சிக் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் போமி போனில் பேசுவது கேட்டது.

"சொல்லும்மா... ஆமா, வெள்ளிக்கிழமைதான் அவருக்கு... வர முடியாதும்மா, ஒரு வாரம் படுக்கை... என்னது? மாப்பிள்ளை இல்லாம கிம்ஜாங் கிடையாதுங்கிறியா?... ஐயோ, அதுக்காக இங்க வந்து போடுறதாவது... இருநூறு கோசையும் எங்கம்மா ஊறப் போடுறது?... குளியல் தொட்டியிலயா?"

மன்சிக்கின் வாயில் பிரஷ் நின்றது. பக்கத்தில் இருந்த தொட்டியை ஒரு பார்வை பார்த்தான்.

"மிளகாய்த்தூளும் இங்கயே கலக்கணுமா? ஒரு மூட்டையா? கூடத்துல இடம் பத்தாதேம்மா... அவர் படுக்கிற ரூம்லயா? சரி, அவருக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும். வெங்காயம் அரியறது கூட அங்கயே..."

வாயில் நுரையோடு மன்சிக் வெளியே பாய்ந்தான். "யாரு? அத்தையா? வேண்டாம்னு சொல்லு!"

போமி போனை அணைத்துவிட்டாள். "வச்சுட்டாங்க. ஒரு முடிவு எடுத்துட்டா அம்மா யார் பேச்சைக் கேட்டிருக்காங்க? உங்க மேல அவ்வளவு பாசம்."

அன்றைக்கு மன்சிக்குக்குக் கிம்ச்சியைத் தொடப் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால், தோல் வழித்த தன் கண் தெரிந்தது. அதற்கு நேர் மேலே மாமியார் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மிளகாய்த்தூளை உதறுவது தெரிந்தது. சாப்பாடு முடிவதற்குள் அவனுக்குள் ஒரு பெருந்தன்மை பிறந்துவிட்டது.

"போமி, யோசிச்சுப் பார்த்தேன். நீயே முதல்ல பண்ணிக்கோ."

"நானா? வீட்டுத் தலைவர் கண்ணு?"

"தலைவன்னா விட்டுக் கொடுக்கணும். வெள்ளிக்கிழமை இடத்தை உன் பேருக்கு மாத்திடுறேன். நான் கிஜாங் போயிட்டா அத்தை இங்க எதுக்கு வரப் போறாங்க? அந்தத் துளை முறையைப் பண்ணிக்கோ. மறுநாளே எழுந்து நீயும் கிஜாங் வந்துடலாம்."

போமி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே தலையை ஆட்டினாள். "அவசரக்காரங்களுக்குத்தானே அதெல்லாம்? நீங்கதானே அலசிப் பார்த்துச் சொன்னீங்க. பொறுமை இருந்தாத்தான் நல்ல கண்ணு கிடைக்கும்னு."

"அது... எனக்குச் சொன்னது."

"எனக்கு நல்ல கண்ணு வேண்டாமா?"

தான் கட்டின சுவரில் மன்சிக் தானே போய் முட்டிக்கொண்டு நின்றான். "ஒரு வாரம் யாரு சமைக்கிறது? துரியை யாரு பார்க்கிறது?" என்று மட்டும் மெல்லக் கேட்டான்.

"அதான் லீவு போட்டுட்டீங்களே!" என்றாள் போமி.

வெள்ளிக்கிழமை அவள் உள்ளே போகும்போது பயந்துதான் போனாள். விரல் எல்லாம் ஐஸ். "என்னங்க, கண்ணு போயிடாதே?" என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மன்சிக்கின் நெஞ்சு இளகிவிட்டது. "அடச்சீ, வாயைக் கழுவு. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்," என்றான். துரியை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த கண் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்தபோது அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். வீடு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான்.

சனிக்கிழமை காலை அவளை இருட்டறையில் விட்டுவிட்டு, துரியை முதுகில் கட்டிக்கொண்டு கிஜாங் போனான். கடற்காற்று காதை அறுத்தது. நீலப் பாய் விரித்த முற்றத்தில் அத்தைகளும் சித்திகளும் வட்டமாக உட்கார்ந்து கோஸ் இதழ் இதழாக மசாலா தடவினார்கள். மன்சிக் சுமந்தான். இந்த வருஷம் தோளில் கோஸ், முதுகில் பிள்ளை. நெத்திலி ஊறல் வாளியையும் அவன் தலையிலேயே கட்டினார்கள்.

ஒருவழியாகச் சுடச்சுட வேகவைத்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுற்றி மாமியார் அவன் வாயில் ஊட்டினாள். அந்த ருசிக்கு முதுகு வலி கூடக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

"அத்தை, நல்லவேளை. இதையெல்லாம் எங்க வீட்டுக்குக் கொண்டு வராம விட்டீங்களே."

"எதை மாப்பிள்ளை?"

"இந்தக் கோசுதான். குளியல் தொட்டியில ஊறப் போடணும்னு சொன்னீங்களாமே?"

மாமியார் கையுறையைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு என்ன பைத்தியமா? கிணத்தை வச்சுக்கிட்டு உங்க தொட்டிக்கு வருவேனா? யாரு சொன்னது?"

"போன்ல... போமிகிட்ட..."

"அவ ஒரே ஒரு தடவைதான் பண்ணினா. பூண்டு உரிச்சிட்டு இருக்கேன்னு சொன்னாளே, அன்னைக்கு. 'இந்த வருஷம் நான் வர மாட்டேம்மா, எனக்குக் கண்ணு ஆபரேஷன், அவரும் துரியும்தான் வருவாங்க'ன்னா. ஏன் மாப்பிள்ளை, கறி தொண்டையில சிக்கிடுச்சா? அடியே, யாராவது தண்ணி கொண்டாங்கடி!"

பஸ்ஸில் திரும்பும்போது மன்சிக் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தான். கதவைத் திறந்தால், அறை ஓரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு அவள் சுருண்டு படுத்திருந்தாள். "வந்துட்டீங்களா? உங்க உருவம் மட்டும் புகை மாதிரி தெரியுதுங்க," என்றாள். கேள்விகள் எல்லாம் வாசல் செருப்போடு நின்றுவிட்டன. பாவம், தோல் வழித்த கண். சண்டையைக் கண் ஆறின பிறகு போடலாம்.

ஆனால் மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்? அந்த வாரம் முழுக்க, "என்னங்க, கஞ்சி," "என்னங்க, துரிக்கு ஜட்டி," "என்னங்க, குழாய் சொட்டுது." மன்சிக் ஒரு வழி கண்டுபிடித்தான். அவளுக்குத்தான் புகை மாதிரி தெரிகிறதே! "இதோ செய்யறேன் கண்ணு," என்று தேன் மாதிரி சொல்லிக்கொண்டே அவள் மூஞ்சிக்கு நேராக நாக்கைத் துருத்துவான். அவள் கஞ்சி குடிக்கும்போது எதிரில் உட்கார்ந்து, பார்லித் தண்ணி என்று சோஜுவைக் குடிப்பான். செவ்வாய்க்கிழமை அவள் கால் பிடிக்கச் சொன்னபோது, எழுந்து நின்று, இடுப்பில் துணிக்கூடையை வைத்துக்கொண்டு, அவள் நடப்பது போலவும் ஆர்டர் போடுவது போலவும் சத்தமில்லாமல் ஒரு முழு ஆட்டம் ஆடினான். ஆடி முடித்ததும் வயிற்றெரிச்சல் பாதி அடங்கியது. ஆகா, தோல் முறையிலும் ஒரு நன்மை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை அவன் துரிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். சோபாவிலிருந்து போமி சொன்னாள்: "என்னங்க, துரியோட காதுக்குப் பின்னாடி ஒரு எள்ளு ஒட்டியிருக்கு. எடுத்து விடுங்க."

எடுத்துவிட்டான். எள்ளை விரல் நுனியில் வைத்துப் பார்த்தான். சோபாவைப் பார்த்தான். மறுபடி எள்ளைப் பார்த்தான்.

"போமி. உனக்கு எந்த முறை பண்ணாங்க?"

அவள் கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். கண்கள் இரண்டும் கழுவி வைத்த பளிங்கு மாதிரி இருந்தன. "உள்ள போனதும் டாக்டர் கடைசியா ஒரு தடவை கேட்டாருங்க. துளைன்னுட்டேன்."

"அப்ப சனிக்கிழமையே..."

"நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே. கண்ணு முழிச்சேன், துரி பக்கத்துல தூங்கிட்டு இருந்தா. அவ புருவத்துக்குள்ள ஒரு குட்டி மச்சம் இருக்குங்க. ரெண்டு வயசாகுது, பெத்த எனக்கே தெரியாது." சொல்லும்போதே அந்தப் புதுக் கண் நிறைந்துவிட்டது.

திட்ட வந்த மன்சிக் குழந்தையின் புருவத்தை விலக்கிப் பார்த்தான். அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"வசந்தத்துல உங்களுக்குப் பண்ணிடலாம்," என்றாள் போமி. "டாக்டர்கிட்ட சொல்லி வச்சுட்டேன். அன்னைக்கு எங்கேயும் கிம்ஜாங் இல்லை. துளையே பண்ணிக்கோங்க."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் நின்றது. முதுகெலும்பில் கிஜாங் காற்று மாதிரி ஏதோ ஒன்று ஏறியது.

"போமி... சனிக்கிழமையிலேருந்து எல்லாமே தெரிஞ்சுதா?"

"எல்லாமே."

"பார்லித் தண்ணி?"

"பச்சை பாட்டில்லேருந்து வந்த பார்லித் தண்ணி. ஆமா."

"நாக்கு?"

"துருத்தும்போது கொஞ்சம் இடது பக்கமா கோணுது. அதையும் டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

"செவ்வாய்க்கிழமை..." மன்சிக்கின் குரல் துரியின் குரலை விடச் சின்னதாகிவிட்டது.

"அதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. போர்வைக்குள்ளேருந்து போன்ல எடுத்து அப்பவே கிஜாங்குக்கு அனுப்பிட்டேன். அத்தைங்க, சித்திங்க எல்லாரும் சேர்ந்து பார்த்தாங்களாம். பார்த்துட்டு அம்மா ஒண்ணு சொன்னாங்க. புது வருஷத்துக்கு நாம அங்க போகும்போது, முற்றத்துல எல்லாரையும் உட்கார வச்சு, உங்களை நடுவுல நிறுத்தி..."

"அம்மா! ஒண்ணுக்கு!" என்று கத்தினாள் துரி.

"இதோ வந்துட்டேன்டி தங்கம்," என்று பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினாள் போமி. "நடுவுல நிறுத்தி என்ன? போமி, நிறுத்தி என்ன பண்றாங்களாம்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடிய மன்சிக்கின் மூக்குக்கு நேராகக் குளியலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.